பழுதான டிஸ்க்கில் இருந்தது புதிய டிஸ்க்குக்கு எப்படித் தெரிந்தது?

தணிக்கை அலுவலகம் ஒன்றை நடத்தும் வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்கள் சர்வரில் இருந்த நான்கு ஹார்ட் டிஸ்க்குகளில் ஒன்று கெட்டுப்போனது. பழுது பார்க்க வந்தவர் சர்வரை நிறுத்தக்கூட இல்லை. கெட்டதை உருவிவிட்டு, கடையில் வாங்கிய வெற்று டிஸ்க்கைச் செருகிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் எல்லாம் பழையபடி இருந்தது. யாரும் எதையும் நகலெடுக்கவில்லை. பிறகு பழைய கோப்புகள் அதற்குள் எப்படி வந்தன?"

அவர் விவரித்திருப்பது ரெய்டு 5 எனப்படும் அமைப்பை. 1988இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும், விலை மிகுந்த பெரிய டிஸ்க் ஒன்றுக்குப் பதிலாக மலிவான சிறிய டிஸ்க்குகள் பலவற்றைச் சேர்த்துப் பயன்படுத்தலாம் என்று ஓர் ஆய்வுக் கட்டுரையில் வாதிட்டார்கள். சராசரியாக 30,000 மணி நேரம் உழைக்கும் டிஸ்க்குகள் 100ஐ ஒன்றாகச் சேர்த்தால், 300 மணி நேரத்துக்கு ஒருமுறை, அதாவது இரண்டு வாரம் நிறைவதற்குள், அவற்றில் ஏதாவது ஒன்று பழுதாகும் என்ற இடரையும் அவர்களே கணக்கிட்டுக் காட்டினார்கள். அந்த இடருக்கு அவர்கள் சொன்ன தீர்வுகளில் ஒன்றுதான் இந்த அலுவலகத்தைக் காப்பாற்றியது.

கணினிக்கு எல்லாமே 0, 1 என்ற பிட்கள்தான் என்பது பள்ளியிலேயே படித்தது. யூனிகோடில் க, ச, த ஆகிய எழுத்துகளுக்கு உரிய எண்களின் கடைசி எட்டு பிட்களை மூன்று டிஸ்க்குகளில் ஒவ்வொன்றாக வைத்திருப்பதாகக் கொள்வோம்.

க: 10010101
ச: 10011010
த: 10100100

இப்போது மேலிருந்து கீழாக ஒவ்வொரு நிரலிலும் எத்தனை 1 இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒற்றைப்படையாக இருந்தால் நான்காவது டிஸ்க்கில் 1 எழுத வேண்டும். இரட்டைப்படையாக இருந்தால் 0. முதல் நிரலில் மூன்று 1 இருப்பதால் 1, இரண்டாவதில் ஒன்றுமே இல்லாததால் 0 என்று போய், 10101011 என்ற வரிசை கிடைக்கிறது. இதைப் பாரிட்டி என்பார்கள். யூனிகோடின் தமிழ்ப் பகுதியில் இந்த முடிவுக்கு உரிய இடத்தில் எழுத்தே கிடையாது. நான்காவது டிஸ்க்கில் இருப்பது 'க'வின் நகலும் அல்ல, 'ச'வின் நகலும் அல்ல. ஒவ்வொரு நிரலிலும் 1களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக அமைய வேண்டும் என்பதற்கான நிரப்பு மட்டுமே.

'ச' இருந்த டிஸ்க் பழுதாகட்டும். அந்த வரியைக் கையால் மறைத்துக்கொண்டு, மீதி மூன்று வரிகளிலும் அதே எண்ணிக்கையைச் செய்து பாருங்கள். முதல் நிரலில் 1, 1, 1 இருக்கிறது. இரட்டைப்படையாக்க ஒரு 1 தேவை. இரண்டாவதில் எதுவும் தேவையில்லை. இப்படியே எட்டு நிரலையும் முடித்தால் 10011010 வருகிறது. அது 'ச'தான். எந்த வரியை மறைத்தாலும், பாரிட்டியையே மறைத்தாலும், இதே ஒரே கணக்கு விடை தருகிறது. இதைத் தாளில் போட்டுப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

எதை எழுதினாலும் பாரிட்டியையும் திருத்த வேண்டியிருப்பதால், அந்தச் சுமை ஒரே டிஸ்க்கின் மீது விழாதபடி ரெய்டு 5 அதை நான்கிலும் மாறி மாறி வைக்கிறது. தலா 4 டெராபைட் கொண்ட நான்கு டிஸ்க்குகளில் நமக்குக் கிடைக்கும் இடம் 12 டெராபைட்.

ஆகவே, பழுதான பின்னும் அலுவலகத்தில் வேலை நடந்ததற்குக் காரணம், இல்லாத டிஸ்க்கிலிருந்து கேட்கப்பட்டதை எல்லாம் சர்வர் அந்தந்த நேரத்தில் கணக்கிட்டே கொடுத்துக்கொண்டிருந்ததுதான். லினக்ஸ் சர்வராக இருந்தால் நிலைகாட்டும் கோப்பில், நல்ல டிஸ்க் ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக இருக்கும் நான்கு 'யூ' (U) எழுத்துகளில் ஒன்றின் இடத்தில் அடிக்கோடு தெரியும். கழற்றுபவர் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய நேரம் அது, ஏனென்றால் தவறுதலாக நல்ல டிஸ்க் ஒன்றை உருவிவிட்டால் இரண்டு வரிகள் ஒரே சமயத்தில் மறைந்துபோகும். திரையில் தெரியும் வரிசை எண்ணை டிஸ்க்கின் மீதுள்ள லேபிளோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் நான் எதையும் இழுத்ததில்லை. சர்வரை அமைக்கும் அன்றே அந்த எண்களை எழுதி முகப்பில் ஒட்டியும் வைத்துவிடுவேன்.

புதிய டிஸ்க் செருகப்பட்டதும் மற்ற மூன்றும் முதலிலிருந்து கடைசிவரை படிக்கப்பட்டு, கணக்கின் விடை அதில் எழுதப்படுகிறது. நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் 4 டெராபைட்டை எழுதி முடிக்க ஏறத்தாழ ஏழரை மணி நேரம் ஆகும். வேலை நேரமாக இருந்தால் இன்னும் கூடும். சாதாரண டிஸ்க்குகள் பலவற்றின் விவரக்குறிப்பில், 10இன் அடுக்கு 14 பிட்கள், அதாவது 12.5 டெராபைட், படிப்பதற்குள் ஒரு படிப்புப் பிழை வரை வரலாம் என்றிருக்கும். இந்த அலுவலகத்தின் மூன்று டிஸ்க்குகளையும் முழுதாகப் படித்தால் 12 டெராபைட்! அதற்கிடையே ஒரு பிழை வந்தால், அந்த இடத்தில் இரண்டு வரிகள் மறைந்ததற்குச் சமம்; கணக்கு விடை தராது. நடைமுறையில் பெரும்பாலானவை இதைவிட நன்றாகவே உழைக்கின்றன. ஆயினும் மாதம் ஒருமுறை எல்லா டிஸ்க்குகளையும் முழுதாகப் படித்துச் சரிபார்க்கும்படி அமைத்துவிடுவதும், தனியாகப் பேக்கப் வைத்திருப்பதும் கட்டாயம். கெட்ட டிஸ்க்கை ஃப்ரீசரில் வைத்தால் உயிர் வரும் என்ற நம்பிக்கை இன்னும் உலவுகிறது. வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படிந்தால் மிச்சமிருக்கும் வாய்ப்பும் போய்விடும் என்பதால், தயவுசெய்து யாரும் அதைச் செய்ய வேண்டாம்.

இரண்டு டிஸ்க்குகள் போனாலும் தாங்குவது ரெய்டு 6. தெரியாதவை இரண்டு என்றால் சமன்பாடுகளும் இரண்டு வேண்டும் என்பது பத்தாம் வகுப்புப் பாடம். இரண்டாவது சமன்பாட்டில் ஒவ்வொரு டிஸ்க்கின் தரவும் வெவ்வேறு எண்ணால் பெருக்கப்படுகிறது; விடை எப்போதும் அதே எட்டு பிட்களுக்குள் அடங்க, முடிவுள்ள களங்கள் என்ற கணிதம் உதவுகிறது. அதற்கு அடித்தளமிட்ட எவாரிஸ்ட் கால்வா 1832இல், தமது 20ஆம் வயதில் இறந்தவர். அதைக் கொண்டு பிழை திருத்தும் முறையை இர்விங் ரீட், குஸ்டவ் சாலமன் ஆகிய இருவரும் 1960இல் வெளியிட்டார்கள். உடனடிப் பயன் என்ன என்று கேட்டுத் தூய கணித ஆய்வுக்கு நிதி மறுப்பவர்களிடம் இந்த ஆண்டுகளைத்தான் நான் எடுத்துச் சொல்வேன்.

வாசகர் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கழற்றிய டிஸ்க் மேசையிலேயே கிடக்கிறதென்றால் அதைப் பழைய சாமான் கடைக்குப் போட்டுவிட வேண்டாம். தரவு டிஸ்க்குகளுக்குப் பிரித்து எழுதப்படுவது பிட் பிட்டாக அல்ல. லினக்ஸின் மென்பொருள் ரெய்டில் ஒரு துண்டின் வழக்கமான அளவு 512 கிலோபைட். ஒரு வாடிக்கையாளரின் பான் எண்ணும் முகவரியும் வங்கிக் கணக்கும் அந்த ஒரே துண்டுக்குள் முழுதாகவே இருக்கக்கூடும் என்பதால், உள்ளிருக்கும் தட்டுகளைத் துளையிட்ட பிறகே அதை வெளியே அனுப்புங்கள்.