பாரசீகத்தின் மஸ்தர், நம் ‘போக’ அன்று

தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்குப் பாரசீகம் கற்பித்து வருகிறேன். தொடக்க வாரங்கள் அவர்களுக்கு எளிதாகவே கழிகின்றன. எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்ற வரிசை நம்முடையதே. வினையின் ஈறே செய்தவர் யார் என்பதைக் காட்டிவிடுவதால் ‘நான்’ என்ற சொல்லை விட்டுவிடலாம். ‘ரா’ என்ற உருபும் நம் இரண்டாம் வேற்றுமை உருபைப் போலவே நடக்கிறது: ‘கெதாப் கரீதம்’ என்றால் ‘புத்தகம் வாங்கினேன்’, ‘கெதாப் ரா கரீதம்’ என்றால், பேசுபவர், கேட்பவர் இருவருக்கும் தெரிந்த அந்தப் ‘புத்தகத்தை வாங்கினேன்’. இந்த நெருக்கம் தரும் துணிவுதான் மஸ்தரில் காலை வாரிவிடுகிறது.

வினைச்சொல்லுக்கு அகராதி தரும் வடிவமே மஸ்தர். ரஃப்தன், தீதன், கர்தன் என அது ‘தன்’ என்றே முடியும். ஆங்கில வழியில் படித்தவர்கள் ரஃப்தன் என்பதற்குப் ‘போக’ என்று பொருள் எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். அது ‘போக’ அன்று, ‘போதல்’. நம் இலக்கணம் தொழிற்பெயர் என்று சொல்வது. புகைப்பதைத் தடுக்கும் அறிவிப்பில் ‘சீகார் கெஷீதன் மம்னூ’ என்று எழுதுவது இதனால்தான். கெஷீதன் என்றால் இழுத்தல். பீடி இழுக்கும் நமக்கு அதை விளக்கவே வேண்டியதில்லை.

அண்மையில் ஒரு மாணவியின் பயிற்சி ஏட்டில், ‘போக விரும்புகிறேன்’ என்பதற்கு ‘மீகாஹம் ரஃப்தன்’ என்று எழுதியிருந்ததைக் கண்டேன். இன்றைய பாரசீகத்தில் அது ‘மீகாஹம் பெரவம்’. இரண்டு வினைகளும் தனித்தனியே தன்மை ஒருமை ஈற்றைச் சுமக்கின்றன. அவர் போக விரும்பினால் இரண்டு ஈறுகளும் மாறி ‘மீகாஹத் பெரவத்’ ஆகிவிடும். ‘போக வேண்டும்’, ‘போக முடியும்’ என்பவற்றிலும் மஸ்தருக்கு இடமில்லை. தமிழில் ஒரே ‘போக’ எல்லா இடங்களிலும் மாறாமல் நிற்பதால், இந்தப் பழக்கம் கைவர மாதங்கள் ஆகின்றன.

மஸ்தரின் கடைசி ‘அன்’ ஒலியை நீக்கினால் இறந்தகால அடி கிடைக்கும்: ரஃப்த், ரஃப்தம், அதாவது போனேன். நிகழ்கால அடியோ ‘ரவ்’; அதை மஸ்தரிலிருந்து ஊகிக்க இயலாது. தீதன் ‘பீன்’ ஆவதும் கர்தன் ‘கொன்’ ஆவதும் அப்படியே. சில குடும்பங்களில் மட்டும் ஒழுங்கு தெரிகிறது: எரிதலைக் குறிக்கும் சூக்தன் ‘சூஸ்’ ஆகும், கட்டுதலைக் குறிக்கும் சாக்தன் ‘சாஸ்’ ஆகும், இரண்டிலும் இறுதி ஒலி ஆங்கில இஸட் போன்றது. ஆனால் அறிதலைக் குறிக்கும் ஷெனாக்தன் ‘ஷெனாஸ்’ ஆகும்போது, அங்கே சாதாரண ஸகரமே ஒலிக்கிறது. ஆகவே மஸ்தரை மட்டும் எழுதி வைக்கும் பட்டியல் பாதிப் பட்டியல்தான். நிகழ்கால அடியையும் பக்கத்திலேயே எழுதச் சொல்கிறேன்.

கூட்டு வினைகளைச் சொல்லுக்குச் சொல் பிரிக்கவும் கூடாது. நமக்கு ஜமீன் என்று வந்து சேர்ந்த சொல்லுக்குப் பாரசீகத்தில் நிலம் என்றே பொருள். கொர்தன் என்றால் உண்ணுதல். ஆயினும் ‘ஜமீன் கொர்தம்’ என்று ஒருவர் சொன்னால், அவர் தடுக்கிக் கீழே விழுந்துவிட்டார் என்று பொருள்.