காலநிலை அகதி: யாரு இவங்க, தமிழ்ல இன்னான்னு எழுதறது?

"காலநிலை அகதி"ன்ற சொல்லு இப்போ நியூஸ்ல, யூடியூப்ல, யுபிஎஸ்சி நோட்ஸ்ல எல்லாம் சர்வசாதாரணமா வந்து விழுது. அர்த்தம் ஒண்ணும் கஷ்டம் இல்ல, கடல் ஏறியோ மழை பொய்ச்சோ புயல் அடிச்சோ இனிமே இந்த ஊர்ல பொழைக்க முடியாதுன்னு மூட்டை கட்டிக்கினு வேற எடத்துக்குப் போறவங்க, அவ்ளோதான். ஆனா ரெண்டு சொல்லையும் தனித்தனியா பிரிச்சு பாத்தா ரெண்டுலயும் வில்லங்கம் இருக்கு, அதுலயும் ரெண்டாவதுல நெறையவே.

மொதல்ல காலநிலை. வேலூர்ல மே மாசம் தப்பித்தவறி ஒரு நாள் மேகம் கட்டிச்சுன்னா "இன்னிக்கு கிளைமேட் சூப்பரா கீதுப்பா"ன்னு சொல்லுவோம் இல்ல, அது கிளைமேட்டே இல்ல, வானிலை. ஒரு நாள் ரெண்டு நாள் சமாச்சாரம் வானிலை, முப்பது வருஷம் போல கணக்கெடுத்து இந்த எடம் இப்படித்தான்னு சொன்னா காலநிலை. வேலூர்னாலே வெயிலுன்னு ஊரு உலகமே சொல்லுதே, அது காலநிலை. முன்னெல்லாம் பேப்பர்ல "பருவநிலை மாற்றம்"னு போடுவாங்க, இப்பவும் சில பேரு போடறாங்க, தப்புன்னு சொல்ல முடியாது, ஆனா 2021ல தமிழ்நாடு அரசு துறை பேரையே "சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் மற்றும் வனத்துறை"ன்னு மாத்தினதுக்கு அப்பால காலநிலைதான் நின்னுடுச்சு.

இப்போ அகதி. இது வடமொழிலேருந்து வந்த சொல்லு. கதின்னா போறது, போற வழி, போய்ச் சேர்ற எடம், புகலிடம். முன்னாடி "அ" போட்டா அது இல்லாதவன், அதாவது போக்கிடம் இல்லாதவன். இந்தக் கதி நம்ப பேச்சுல எவ்ளோ ஊறிப் போயிருக்கு பாருங்க: "உன்ன விட்டா எனக்கு யாரு கதி", "அவன் கதி அதோகதி", "நிர்க்கதியா நிக்கறா", கோயில்ல கையெடுத்தா "நீயே கதி". "அகதிக்குத் தெய்வமே துணை"ன்னு பழமொழியே இருக்கு. அந்தப் பழமொழில வர்ற அகதி எல்லை தாண்டி வந்தவன் இல்ல, நாதியத்த ஏழை, நம்ப தெருவுலயே இருக்கறவன். வேற நாட்டுலேருந்து தப்பிச்சு வந்தவன்ற அர்த்தம் பின்னாடி ஏறினது, 1983 ஜூலை கலவரத்துக்கு அப்பால தமிழ்நாட்டுல அகதின்னாலே சிலோன்லேருந்து வந்த தமிழருங்கதான்னு ஆயிடுச்சு.

இங்கிலீஷ் சொல்லு ரெஃப்யூஜியோட கதை வேற. பிரெஞ்சுலேருந்து வந்தது, 1685 வாக்குல பிரான்ஸ்ல மதத்துக்காக துரத்தப்பட்டு இங்கிலாந்துக்கு ஓடி வந்த புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவங்களச் சொல்லத்தான் அங்க அது பரவுச்சு. அதோட வேர்ல அடைக்கலம் இருக்கு. அதாவது அவங்க சொல்லு அந்த ஆளு எங்க போய் சேர்ந்தான்னு பாக்குது, நம்ப சொல்லு அவன்கிட்ட இன்னா இல்லன்னு பாக்குது. எனக்கு உறுத்தறது இதுதான். ஒருத்தன் கதிய யாரு புடுங்கினாங்கன்னு அகதின்ற சொல்லு கேக்கறதே இல்ல, என்னமோ அவன் பொறக்கும்போதே இல்லாம பொறந்தா மாதிரி.

இது வேலூர்க்காரங்களுக்கு புதுசு இல்ல. வேலூர் பக்கத்துல மேல்மொணவூர்ல இலங்கைத் தமிழருங்க முகாம் இருக்கே. 2021 ஆகஸ்ட்ல சட்டசபைல முதலமைச்சர் ஸ்டாலின், இனிமே அகதிகள் முகாம்னு சொல்லக் கூடாது, "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்"னுதான் சொல்லணும்னு அறிவிச்சாரு, அதே வருஷம் நவம்பர் 2ஆம் தேதி மேல்மொணவூருக்கே வந்து மாநிலம் முழுக்க முகாம்கள்ல 3,510 வீடு கட்டற திட்டத்துக்கு அடிக்கல்லும் நாட்டினாரு. பேப்பர்ல பேரு மாறிடுச்சு, பேச்சுல மாறல. ஆட்டோ ஏறி "மறுவாழ்வு முகாம் போணும்ணா"ன்னு சொல்லிப் பாருங்க, டிரைவரு ஒரு செகண்டு முழிச்சிட்டு "ஓ, கேம்ப்பா"ம்பாரு. அங்க குடியிருக்கறவங்க வாயிலயும் கேம்ப்புதான். அந்தக் கேம்ப்புலயே பொறந்து, இங்கயே காலேஜு முடிச்சு, இன்டர்வியூவுக்குப் போற பையனையும் அகதின்னு ஃபார்ம்ல எழுதினா அது அவன் நெலமையச் சொல்ற சொல்லா, இல்ல முத்திரையா? மறுவாழ்வுன்ற சொல்லு கொஞ்சம் கவர்மென்ட் வாசனை அடிக்குதுதான், இருந்தாலும் அது அகதிய விட மேலுன்னுதான் நான் சொல்லுவேன்.

சரி, காலநிலையும் அகதியும் எப்போ ஒண்ணா சேர்ந்துச்சு? 1985ல ஐநா சுற்றுச்சூழல் அமைப்புக்காக எஸ்ஸாம் எல்-ஹின்னாவின்னு ஒருத்தரு எழுதின அறிக்கைலதான் "சுற்றுச்சூழல் அகதி"ன்ற பேரு பெருசா பரவுச்சு, அதுலேருந்து "காலநிலை அகதி" கெளைச்சுது. ஆனா சட்டத்துல இப்படி ஒரு ஆளே கெடையாது. 1951 ஐநா அகதிகள் ஒப்பந்தப்படி இனம், மதம், நாடு, ஒரு குறிப்பிட்ட சமூகக் கூட்டம், அரசியல் கருத்து இதுல ஏதாவது ஒண்ணுக்காக கொடுமைப்படுத்துவாங்கன்ற பயத்துல சொந்த நாட்டுக்கு வெளிய இருக்கறவன்தான் அகதி. கடலு யாரையும் மதம் பாத்து தொரத்தறது இல்லயே. இந்தியா அந்த ஒப்பந்தத்துல கையெழுத்தே போடல, அது தனிக்கதை.

இத கோர்ட்டுல போய் மோதிப் பாத்தவரு கிரிபாத்தி தீவுக்காரரு ஐயோனே டெய்டியோட்டா. பசிபிக் கடல்ல இருக்கற அந்த நாடு பெரும்பாலும் கடலுக்கு மேல ரெண்டு மூணு மீட்டர்தான் ஒசரம். கடல் ஏறுது, குடிக்கற தண்ணி கெட்டுப் போச்சு, திருப்பி அனுப்பாதீங்கன்னு நியூசிலாந்துல கேட்டாரு, அகதின்ற வரையறைக்குள்ள வரலன்னு சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் தள்ளிட்டாங்க, 2015ல அனுப்பியும் வெச்சிட்டாங்க. அப்பால 2020 ஜனவரில ஐநா மனித உரிமைக் குழு சொன்னது, அவரு விஷயத்துல நியூசிலாந்து செஞ்சது தப்பு இல்ல, ஆனா காலநிலையால உயிருக்கே ஆபத்துன்ற எடத்துக்கு ஒருத்தர திருப்பி அனுப்பறது உரிமை மீறலா ஆகலாம்னு. கேஸு தோத்துச்சு, கதவு கொஞ்சம் தெறந்துச்சு. அதே நாட்டோட பழைய அதிபர் அனோட்டே டோங், எங்கள அகதி ஆக்காதீங்க, மரியாதையோட இடம்பெயர விடுங்கன்னுதான் திரும்பத் திரும்ப கேட்டாரு. அங்கயும் இந்தச் சொல்லு குத்துது.

கடலு எவ்ளோ ஏறுதுன்னு ஒரு கணக்கு. ஐபிசிசின்ற ஐநாவோட காலநிலை விஞ்ஞானிங்க குழு அறிக்கைப்படி 1901லேருந்து 2018க்குள்ள உலக சராசரியா சுமார் 20 சென்டிமீட்டர் ஏறியிருக்கு, அதுல 2006லேருந்து 2018 வரைக்கும் வருஷத்துக்கு 3.7 மில்லிமீட்டர் வேகம். 2100 வாக்குல, புகைய நல்லா கொறைச்சிட்டா 28லேருந்து 55 சென்டிமீட்டர், கொறைக்காம விட்டா 63லேருந்து 101 சென்டிமீட்டர், இது 1995-2014 சராசரிக்கு மேல. சூடு ஏறினா தண்ணி விரியும், 1971லேருந்து 2018க்குள்ள ஏறினதுல பாதி கிட்ட அதாலதான், மீதில பெரும்பகுதி மலைப்பனியும் கிரீன்லாந்து, அண்டார்டிகா பனியும் உருகறது.

இதக் கேட்டதும் சினிமால வர்றா மாதிரி அலை வந்து ஊர மூடறதா நெனைச்சுக்கறோம். நெஜத்துல மொதல்ல கெடறது கிணறு. கடலோரத்துல மண்ணுக்கு அடியில நல்ல தண்ணி உப்புத் தண்ணி மேல ஒக்காந்திருக்கும், மேல நல்ல தண்ணிய உறிஞ்ச உறிஞ்ச, கடலும் ஏற ஏற, உப்பு உள்ள வரும். சென்னைக்கு வடக்க மீஞ்சூர் பக்கம் நெலத்தடி நீர அளவுக்கு மேல எடுத்ததால இது எப்பவோ நடந்துடுச்சு. குடிக்க தண்ணி இல்ல, பயிரு வரல, மூத்த பையன் வேலைக்கு டவுனுக்குப் போறான், அப்பால தம்பி, கடைசில வீட்டப் பூட்டிட்டு எல்லாருமே. அவங்கள்ல யாரு காலநிலை அகதி, யாரு வேலை தேடிப் போனவன்? அவங்களுக்கே தெரியாது.

நமக்கு இது புரியாத விஷயமும் இல்ல, ஏன்னா கடலே இல்லாம உப்பு வந்த ஊரு நம்ப ஊரு. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் ஷாப்புத் தண்ணி பாலாத்துல எறங்கி கரையோரக் கிணறெல்லாம் கரிச்சுது, சுமார் 35,000 ஹெக்டேர் வெவசாய நெலம் கொஞ்சமாவோ முழுசாவோ கெட்டுப் போச்சுன்னு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புலயே இருக்கு. வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் போட்ட கேஸு, 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பு, கெடுத்தவன்தான் காசு குடுக்கணும்ன்ற கொள்கை இந்திய சட்டத்துல நின்னது அதுலதான், நாடு முழுக்க இன்னிக்கும் அதக் காட்டி வாதாடறாங்க. அந்த வெவசாயிங்கள யாரும் அகதின்னு சொல்லல. பாதிக்கப்பட்டவங்கன்னு சொன்னாங்க, அதனாலதான் "யாரால"ன்ற கேள்வி வந்துச்சு, நஷ்டஈடு பேச்சும் வந்துச்சு.

இன்னொரு விஷயம், கெளம்பறவங்கள்ல பெரும்பாலானவங்க நாட்டு எல்லையத் தாண்டவே மாட்டாங்க. உலக வங்கி 2021ல போட்ட கணக்குல 2050க்குள்ள ஆறு வட்டாரத்துல 21.6 கோடி பேரு வரைக்கும் சொந்த நாட்டுக்குள்ளயே எடம் மாறலாம்னு இருக்கு. ஒடிசா கேந்திராபாடா மாவட்டத்துல சதபாயா கிராமங்கள கடல் ஒண்ணொண்ணா தின்னுச்சு, மிச்சம் இருந்தவங்கள பாகபாட்டியாவுல குடியேத்தினாங்க. அதே மாவட்டம்தான், அவங்கள எப்படி அகதின்றது?

நம்ப பக்கம் இத வெச்சு வியாபாரமே நடக்குது. காட்பாடி தாண்டி ப்ளாட் போடற தெரிஞ்சவரு ஒருத்தரு, "சார், சென்னை முங்கிடும், அத்தினி பேரும் இங்கதான் வரணும், இப்பவே ரெண்டு கிரவுண்டு போட்டு வெச்சிடுங்க"ன்னு ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரு. வேலூரு கடல் மட்டத்துலேருந்து 200 மீட்டருக்கு மேல இருக்கறது உண்மைதான். ஆனா ரெண்டு கிரவுண்டு வாங்க முடிஞ்சவனுக்கு கதி இருக்கு. கஷ்டம் காசிமேட்டுலயும் எண்ணூர்லயும் கரை ஓரமா குடிசை போட்டிருக்கறவனுக்குத்தான், அவன் 130 கிலோமீட்டர் தள்ளி இங்க வந்து வலைய எங்க வீசுவான், கோட்டை அகழியிலயா?

தமிழ்ல மாத்துச் சொல்லுக்கு வருவோம். தனித்தமிழ் ஆளுங்க "ஏதிலி"ன்னு எழுதறாங்க, ஈழத்தமிழர் பக்கம் இது நல்லா புழங்கற சொல்லு, ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம்னு 1984லேருந்து ஒரு அமைப்பே இருக்கு. ஏதும் இல்லாதவன்னு பிரிச்சு அர்த்தம் சொல்றாங்க. ஆனா குறள்ல "ஏதிலார் குற்றம்போல்"னு வர்ற ஏதிலாரு ஏதும் இல்லாதவங்க இல்ல, நம்பாளு இல்லாதவங்க, அயலாரு. அந்தப் பழைய வாடை சொல்லுல ஒட்டிக்கினுதான் இருக்கு. சதபாயாக்காரன ஒடிசாவுலயே அயலான்னு சொல்றதா?

"புலம்பெயர்ந்தோர்" அழகான சொல்லு. பட்டினப்பாலைல காவிரிப்பூம்பட்டினத்துல "புலம்பெயர் மாக்கள்" கலந்து இனிமையா வாழ்ந்தாங்கன்னு வருது, அவங்க கப்பல்ல வந்த வியாபாரிங்க. அதே பட்டினத்த கடல் கொண்டுச்சுன்னு மணிமேகலை சொல்லுது, அப்போ மாதவியும் சுதமதியும் அறவண அடிகளும் கடைசியா வந்து சேர்ந்தது நம்ப பக்கத்துல இருக்கற காஞ்சிபுரத்துக்கு. கதைதான், வரலாறுன்னு அடிச்சு சொல்ல வரல, இருந்தாலும் கடலுக்குப் பயந்து உள்ள வர்ற ஜனம் இந்தத் திசைக்குத்தான் வரும்னு அந்தப் புலவருக்கும் தோணியிருக்கு. அந்த நிகழ்ச்சிக்கு கடல்கோள்னு பேரு, கெடு கேடு ஆன மாதிரி கொள் கோள் ஆச்சு. மெதுவா ஏறற கடலுக்கு அது பொருந்தாது, "கடல் மட்ட உயர்வு"தான் சரி. புலம்பெயர்ந்தோர்ல சிக்கல் இன்னான்னா இன்னிக்கு அந்தச் சொல்ல கேட்டா டொராண்டோ, பாரிஸ், லண்டன் தமிழருங்கதான் ஞாபகத்துக்கு வர்றாங்க.

அதனால என் ஓட்டு "காலநிலையால் இடம்பெயர்ந்தோர்"க்கு. நீளம்தான், தலைப்புல அடங்காதுன்னு சப்எடிட்டருங்க திட்டுவாங்க. ஆனா எல்லை தாண்டினாலும் தாண்டலனாலும் பொருந்தும், ஆள மட்டம் தட்டாது, "ஆல்"ன்ற ஒத்த உருபு காரணத்தையும் காட்டிக் குடுத்துடும். அரசாங்கமே தூக்கி வேற எடத்துல வெச்சா "இடம்பெயர்க்கப்பட்டோர்"னு எழுதலாம். நிகழ்வுக்கு "காலநிலை இடம்பெயர்வு" போதும். சட்டத்தப் பத்தி, டெய்டியோட்டா கேஸு மாதிரி, எழுதும்போது மட்டும் அகதின்ற சொல்லு வேணும், ஏன்னா சண்டையே அந்தச் சொல்லுக்காகத்தான்.

பசிபிக் கடல்லயே இருக்கற இன்னொரு குட்டித் தீவு நாடு துவாலு, அந்த துவாலுக்காரங்க விஷயம்தான் எதுலயும் சரியா ஒக்காரல. 2023 நவம்பர்ல ஆஸ்திரேலியாவோட ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, வருஷத்துக்கு 280 பேருக்கு நிரந்தரமா குடியிருக்க விசா, 2025ல மொத குலுக்கலுக்கு பதிவு தொறந்த சில நாளுலயே நாட்டு ஜனத்தொகைல மூணுல ஒரு பங்குக்கு மேல பேரு குடுத்திருந்தாங்க. அகதியா போகல, வேலை தேடியும் போகல, திரும்பி வரவும் உரிமை உண்டு. அவங்கள இப்போதைக்கு "குடியேறிகள்"னு எழுதிட்டு, ஏன் போறாங்கன்னு அடுத்த வரில தெளிவா சொல்லிடறது நல்லது.