வாசக்டமி: கையெழுத்திடும் முன்பும், மூன்று மாதம் கழித்தும்

மத்திய அரசின் குடும்ப நலத் திட்டத்தின் கீழ், வாசக்டமி எனப்படும் ஆண் கருத்தடை அறுவை சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. திருமணமானவராகவும், 60 வயதுக்கு உட்பட்டவராகவும், ஒரு வயதைக் கடந்த குழந்தை ஒன்றாவது உடையவராகவும், தெளிந்த மனத்துடன் தாமே முடிவெடுப்பவராகவும் உள்ள ஆண் இதற்குத் தகுதி பெறுகிறார். மனைவியுடன் கலந்து பேசுவதே முறை என்றாலும், அவருடைய கையெழுத்து விதிப்படி தேவையில்லை.

தழும்பில்லா முறையில் கத்தியோ தையலோ கிடையாது. மரத்துப்போக ஊசி போட்டபின், விதைப்பையின் தோலில் சிறு துளையிட்டு, விந்தணுவைக் கொண்டுசெல்லும் இரு குழாய்களையும் வெளியே இழுத்து, வெட்டிக் கட்டிவிடுகிறார்கள். அன்றே வீடு திரும்பலாம். இரண்டு நாள் ஓய்வும், ஒரு வாரத்துக்குச் சைக்கிள், பளு தூக்குதல் ஆகியவற்றைத் தவிர்ப்பதும் போதும். ஆண் ஹார்மோன் குழாய் வழியாக அல்ல, இரத்தத்தின் வழியாகவே உடலில் சேர்வதால், ‘ஆண்மை போய்விடும்’ என்ற பேச்சுக்கு அடிப்படையே இல்லை.

ஒப்புதல் படிவத்தை, வரிசையில் நிற்கும் அவசரத்தில் படிக்காமல் கையெழுத்திடுவோரே அதிகம் என்பது என் எண்ணம். இந்தச் சிகிச்சை நிரந்தரமானது என்பதையும், அரிதாகத் தோல்வியடையலாம் என்பதையும் அறிந்தே சம்மதிப்பதாக அதில் எழுதியிருக்கிறது. நிரந்தரம் என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். வெட்டிய குழாயை நுண்ணோக்கியின் உதவியோடு மீண்டும் இணைக்கும் அறுவை சிகிச்சை உண்டுதான். ஆனால் குழாய் திறந்துகொண்டாலும் கரு தரிக்கும் என்ற உறுதியில்லை, ஆண்டுகள் செல்லச் செல்ல வாய்ப்பும் குறைகிறது. ஆகவே, ‘வேண்டுமானால் பிறகு சரிசெய்துகொள்ளலாம்’ என்ற நினைப்புடன் வருபவர் இதைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பதே நல்லது.

அதே படிவத்தில் இன்னொரு வரி, மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனைக்கு வருவதாகவும், வராவிட்டால் விளைவுகளுக்குத் தாமே பொறுப்பு என்றும் எழுதி வாங்குகிறது. வெட்டிய இடத்துக்கு மேலே ஏற்கெனவே தங்கியுள்ள விந்தணுக்கள் வெளியேறக் காலம் பிடிப்பதால், சிகிச்சை முடிந்த நாளிலிருந்தே பாதுகாப்புத் தொடங்கிவிடுவதில்லை. பரிசோதனை முடிவு வரும்வரை ஆணுறை கட்டாயம். விந்தணு இல்லை என்று பரிசோதனை காட்டிய பிறகே கருத்தடைச் சான்றிதழ் வழங்கப்படும். பின்னாளில் மனைவிக்கு மாதவிலக்கு தள்ளிப்போனால் இரண்டு வாரத்துக்குள் மருத்துவமனையில் தெரிவிக்க வேண்டும். சிகிச்சை தோற்றுக் கருவுற்றால், குடும்ப நல இழப்பீட்டுத் திட்டத்தில், தோல்வி தெரிந்த 90 நாள்களுக்குள் விண்ணப்பிக்கலாம். சான்றிதழ் கையில் இல்லாதவரின் கோரிக்கை அங்கே வலுவிழந்துவிடும்.

தமிழ்நாட்டில் சிகிச்சை பெறுபவருக்கு ரூ.1,100 என அறிவிக்கப்பட்ட தொகை, வேலைக்குப் போகாத நாள்களின் கூலிக்கு ஈடே தவிர, முடிவெடுப்பதற்கான காரணமாக இருக்கக் கூடாது.

ஆண்களுக்கு வேறு வழி என்றால், இன்றைக்கு ஆணுறை ஒன்றே நம்பத்தக்கது. பால்வினை நோயையும் தடுப்பது அதுவே. ஆண்களுக்கான மாத்திரை எதுவும் புழக்கத்துக்கு வரவில்லை. குழாய்க்குள் ஊசி மூலம் மருந்தைச் செலுத்தும் இந்திய முறையொன்றை, காரக்பூர் ஐஐடியின் சுஜோய் குஹா உருவாக்கினார். அதன் மூன்றாம் கட்டச் சோதனை 303 ஆண்களிடம் முடிந்திருந்தாலும், அரசுத் திட்டத்தில் அது இன்னும் இடம்பெறவில்லை. முடிவெடுக்கத் தயங்குபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆணுறை இலவசமாகவே கிடைக்கிறது.