ஹூண தேசமும் இல்லை, மாகியாரும் இல்லை

ஹங்கேரி வரலாறு பற்றிய ஒரு மொழிபெயர்ப்பில் அந்த நாட்டை மறுபடியும் ‘ஹூண தேசம்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். எத்தனையாவது முறையோ! ஹூணர் தலைவன் அட்டிலா இறந்தது 453இல். அர்பாத் தலைமையில் இன்றைய அங்கேரியரின் முன்னோர் கார்பாத்தியப் படுகைக்கு வந்தது 895 வாக்கில். நடுவே நானூறு ஆண்டுகளுக்கு மேல். இவர்கள் பேசிய மொழியும் உராலிக் குடும்பத்தது. சைபீரியாவின் மான்சி, காந்தி மொழிகள்தான் அதற்கு நெருங்கிய உறவு.

‘ஹங்கேரி’ என்ற பெயர் ‘ஒனோகுர்’ என்ற துருக்கியக் கூட்டத்தின் பெயரிலிருந்து வந்தது. ‘ஒன்’ என்றால் பத்து. முன்னால் நிற்கும் ஹகரம், ஹூணரோடு குழப்பிக்கொண்ட இடைக்கால லத்தீன் ஒட்டவைத்தது. ஜெர்மானியர் ‘உங்கார்ன்’ என்கிறார்கள், இத்தாலியர் ‘உங்கெரியா’ என்கிறார்கள், ஹகரமே இல்லை. ஆகவே ‘அங்கேரி’ என்று எழுதுவதைத் தனித்தமிழ்ப் பிடிவாதம் என்று ஒதுக்க வேண்டாம். மூலத்துக்கு அதுதான் பக்கம்.

சரி, அந்த மக்கள் தங்களை என்ன சொல்லிக்கொள்கிறார்கள்? இங்கேதான் ‘மாகியார்’ வந்து உட்கார்ந்துகொள்கிறது. ‘Magyar’ என்ற ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுதியது இது, காதால் கேட்டு எழுதியது அல்ல. ஜீயும் ஒய்யும் சேர்ந்தால் அவர்கள் மொழியில் ஒரே ஒலி. ‘ட்ய’வுக்கும் ‘ஜ’வுக்கும் நடுவில் நிற்கும். உயிர்கள் இரண்டுமே குறில். நெடில் எங்கிருந்து வந்தது? 1541 முதல் 1686 வரை அங்கேரித் தலைநகர் புடாவை ஆண்ட துருக்கியர் ‘மஜர்’ என்கிறார்கள், அரபியிலும் ‘மஜர்’தான். தமிழிலும் அதுவே போதும். ஜகரம் கிரந்தம்தான், ஆனால் ‘மசர்’ என்றால் யாருக்குப் புரியும்?

அப்புறம், நாட்டாருக்கு ‘அங்கேரியர்’, இனத்துக்கு ‘மஜர்’ என்று இரண்டு சொல்லும் நமக்கு வேண்டும். பழைய அங்கேரி முடியரசில் ஸ்லோவாக்கியர், ஜெர்மானியர், ருமேனியர், குரோவாசியர் எல்லோரும் இருந்தார்கள். அரசு மொழி 1844 வரை லத்தீன். மஜர் மொழியில் நாட்டாருக்கும் இனத்துக்கும் ஒரே சொல். ஸ்லோவாக்கியரோ 1918க்கு முந்தைய முடியரசை ‘உஹோர்ஸ்கோ’ என்றும், இன்றைய நாட்டை ‘மஜர்ஸ்கோ’ என்றும் பிரித்தே சொல்கிறார்கள். அந்த வேறுபாடு அவர்கள் வாழ்க்கையில் பட்டது.

18ஆம் நூற்றாண்டு அறிஞர் மாத்யாஷ் பேலை ‘மொழியால் ஸ்லாவியர், நாட்டால் அங்கேரியர், கல்வியால் ஜெர்மானியர்’ என்பது வழக்கம். இதில் ‘அங்கேரியர்’ இருக்கும் இடத்தில் ‘மாகியார்’ என்று போட்டால் வாக்கியமே செத்துவிடும். அகராதியில் முதலில் கண்ணில் பட்ட சொல்லை எடுத்து ஒட்டுகிற மொழிபெயர்ப்பாளர்கள் இந்த ஒரு வரியை முயன்று பார்க்கட்டும்.