பழைய சிடி பிளேயருக்கு ஒரு புது டாக்

வீட்டில் பழைய சிடி பிளேயர் கிடந்தால் அதன் முதுகை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஆர்சிஏ துளைகள் இருக்கும். பக்கத்தில் 'டிஜிட்டல் அவுட்' என்று இன்னொன்றும் இருந்தால், அந்த பிளேயருக்கு ஆயுசு கெட்டி. டாக் என்ற தனிப் பெட்டியை அதில் இணைத்து, அதன் வழியாகப் பாட்டுக் கேட்கலாம்.

சிடியில் இருப்பது வெறும் எண்கள். ஒரு சேனலுக்கு நொடிக்கு 44,100 எண்கள். ஒவ்வொன்றும் 65,536 அளவுகளில் ஏதோ ஒன்று; இதைத்தான் 16 பிட் என்பார்கள். எண்ணை மின்னழுத்தமாக மாற்றுவதுதான் டாக் எனப்படும் சிப்பின் வேலை. பிளேயருக்குள்ளேயும் ஒன்று உண்டு, வெளிப் பெட்டியிலும் ஒன்று உண்டு. அந்தக் காலத்து சிப், ஒரு மின்னழுத்தத்தை அடுத்த எண் வரும்வரை அப்படியே பிடித்துவைத்திருக்கும். அதனால் அலை படிக்கட்டு மாதிரி வெளியே வரும். படிகளின் கூர்முனைகள் எல்லாமே 22,050 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட, பாட்டிலேயே இல்லாத அதிர்வுகள். அடுத்து நிற்கும் ஃபில்டர் அவற்றை வெட்டிவிட்டால் வழவழப்பான அலைதான் மிஞ்சும்.

வெட்டுவதுதான் கஷ்டம். 20,000 ஹெர்ட்ஸ் வரை கை வைக்கக் கூடாது. ஆனால் படிக்கட்டால் உண்டாகும் அதன் போலி அதிர்வு 24,100-லேயே வந்து நிற்கும். இவ்வளவு குறுகிய இடைவெளியில் செங்குத்தாக வெட்டும் அனலாக் ஃபில்டர் (எண்ணில் அல்ல, மின்னழுத்தத்தில் வேலை செய்வது), கேட்கும் எல்லைக்குள்ளேயே அலையின் நேர ஒழுங்கைக் கொஞ்சம் குலைத்துவிடும். 1982-ல் வந்த சோனி சிடிபி-101 அந்த வழியில்தான் போனது. பிலிப்ஸிடம் கைவசம் இருந்ததோ 14 பிட் சிப். அவர்கள் எண்களுக்கு நடுவே கணக்குப் போட்டு இடை எண்களை நிரப்பி, வேகத்தை நான்கு மடங்காக, 176,400 ஆக உயர்த்தினார்கள். போலிகள் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டன. சாதுவான ஃபில்டரே போதுமானது. பிட் குறைவதால் வரும் இரைச்சலையும் காதுக்கு எட்டாத பக்கமாகத் தள்ளி, 14 பிட் சிப்பிடம் 16 பிட் வேலையை வாங்கிவிட்டார்கள். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மலைப்புதான். இன்றைய டாக்குகள் இதே யோசனையை இன்னும் பல மடங்கு வேகத்தில் செய்கின்றன.

சரி, பிளேயருக்குள் இருக்கும் டாக்குக்குப் பதில் வெளி டாக்கை வைத்தால் என்ன கிடைக்கும்? நன்றாக ஓடும் தொண்ணூறுகளின் பிளேயர் என்றால் வித்தியாசம் சிறிதாகவே இருக்கும். காசை ஸ்பீக்கரில் போடுங்கள். ஆனால் வயதான கெப்பாசிட்டர்களால் பிளேயரின் அனலாக் பகுதி தளர்ந்திருந்தால், வெளி டாக் அதை முழுசாகத் தாண்டிவிடும். டிவியையும் கம்ப்யூட்டரையும்கூட அதே பழைய ஆம்ப்ளிஃபயரில் கேட்கலாம்.

டிஜிட்டல் அவுட்டிலிருந்து டாக்குக்குப் போவது ஆப்டிகல் கேபிள் (எண்களை ஒளியாக அனுப்புவது) என்றால் இரு முனையிலும் உள்ள குட்டி பிளாஸ்டிக் மூடியை மறக்காமல் கழற்றுங்கள். பிளேயரை ஆன் செய்ததும் மறுமுனையில் சிவப்பு வெளிச்சம் தெரியும். டாக்கிலிருந்து வரும் வயரை ஆக்ஸ் அல்லது சிடி என்று எழுதிய துளையில் செருகுங்கள். ஃபோனோ துளை ரெக்கார்ட் பிளேயரின் சில மில்லிவோல்ட்டுக்கானது. டாக்கின் 2 வோல்ட்டை அங்கே கொடுத்தால் ஒலி கரகரத்துவிடும். பழைய ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றுக்கு 150, 200 மில்லிவோல்ட்டே முழுச் சத்தத்துக்குப் போதும். ஆகவே முதல் பாட்டுக்கு வால்யூமைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, அப்புறம் மெல்லத் திருகுங்கள்.