மருந்தடிப்பதா, விடுவதா?

இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் வெங்காயத் தாளில் புள்ளிகள். யாழ்ப்பாணத்தில் உரும்பிராயிலோ இணுவிலிலோ தோட்டம் செய்பவருக்கு அன்றைக்கே முடிவு வேண்டும். பங்கசு நோயென்றால் பாத்தி முழுக்கப் போய்விடும். பூச்சி கடித்த தடமென்றால் மருந்துக்காசு வீண். நிச்சயமாகத் தெரியட்டும் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

நிகழ்தகவுக் கணிதம் கைகொடுப்பது இங்கேதான். நோய்க்கான வாய்ப்பு எவ்வளவு, அடித்தால் என்ன செலவு, விட்டால் என்ன இழப்பு என்பது தெரிந்தால் அதற்குப் போதும்.

கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். இப்படியான மழைக்குப் பிறகு 100 தோட்டங்களில் 5இல் நோய் வருகிறது. அவற்றில் 4இல் புள்ளி தெரிகிறது. நோயில்லாத 95இலும் வேறு காரணங்களால் 19இல் புள்ளி தெரிகிறது. ஆக, புள்ளி கண்டவை 23, உண்மையில் நோயுள்ளவை 4. வாய்ப்பு ஏறத்தாழ 17 சதவீதம். புள்ளியே இல்லாவிட்டால் 77இல் 1தான்.

சரி, 17 பெரிதா சிறிதா? மருந்தும் கூலியும் 8,000 ரூபா, அது தடுக்கக்கூடிய இழப்பு 80,000 ரூபா என்றால், 8,000ஐ 80,000ஆல் வகுக்க வரும் 10 சதவீதம்தான் எல்லைக்கோடு. வாய்ப்பு அதைத் தாண்டினால் அடிப்பதே இலாபம். வெங்காய விலை விழுந்து இழப்பு 40,000 ஆகிவிட்டால் எல்லை 20க்கு ஏறும். அதே புள்ளி, அதே 17, ஆனால் இப்போது விடுவதுதான் சரி.

தடயம் கிடைக்கக் கிடைக்க மதிப்பீட்டைத் திருத்தும் இந்த வழி தோமஸ் பேய்ஸ் என்ற ஆங்கில மதகுருவின் பெயரைத் தாங்குகிறது. அவர் இறந்த பிறகு, 1763இல் வெளிவந்தது. மழை, ஈரப்பதம், விதை, முந்திய பயிர் என்று பல காரணிகளைப் பிணைத்துக் கணிக்கும் பேய்ஸ் வலையமைப்புகளை 1980களில் கணினி அறிவியலாளர் ஜூடியா பேர்ள் வளர்த்தெடுத்தார்.

கணிதம் தயார். எண்கள்தான் சிதறிக் கிடக்கின்றன. மழை அளவு வளிமண்டலவியல் திணைக்களத்திடம். நோயறியும் அறிவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலுள்ள விவசாய ஆராய்ச்சி நிலையத்திலும், கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள யாழ். பல்கலைக்கழக விவசாய பீடத்திலும். எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், விதை யாரிடம் வாங்கியது என்பது தோட்டக்காரரிடம். இந்தக் கணக்கைப் போட்டுச் சொல்ல, இவர்கள் ஒன்றாக இருந்து செய்யாத எந்தக் கைபேசிச் செயலியும் வேறு ஊர் எண்களைத்தான் எங்களுக்குச் சொல்லும்.

எனக்கு நோயில்லாமலே புள்ளி கண்ட அந்த 19தான் பெரிய விடயமாகப் படுகிறது. நோய் முற்றினால் விவசாயப் போதனாசிரியரிடம் தாளைப் பிடுங்கிக்கொண்டு போவோம். புள்ளி வந்து, பயிர் தானாகத் தேறிவிட்டால் யாரும் எழுதி வைப்பதில்லை. அந்தத் தோட்டங்கள் பதிவில் இல்லாவிட்டால் புள்ளி கண்டதெல்லாம் நோயென்றே கணக்கில் ஏறும். கணிப்பு எப்போதும் ‘அடி’ என்றே சொல்லும். வலிகாமத்துச் செம்மண்ணுக்குக் கீழே இருப்பது வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல். தேவையில்லாமல் அடித்தது கிணற்றுக்கே போய்ச்சேரக்கூடும்.

ஆகவே ஆய்வுக்கு வருபவர்கள் தேறிய தோட்டங்களையும் தேடிப் பதியவேண்டும். மருந்தடிக்காமல் விட்டுப்பார்க்க ஓரிரு பாத்தி கேட்டால், அது அழிந்தால் அதன் பெறுமதியை ஆய்வுப் பணத்திலிருந்தே கொடுப்பதாக முன்கூட்டியே எழுதிக்கொடுக்க வேண்டும்.