புது ஹார்ட் டிஸ்க்கில் தரவை ஏற்றும் முன்

திருவையாற்றுக்குப் பக்கத்து ஊரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கும்பகோணத்தில் நான் நடத்தும் கணினிப் பழுதுபார்ப்புக் கடைக்கு ஓர் ஆடி மாதக் காலையில் வந்தார். மஞ்சள் பைக்குள் துண்டால் சுற்றிக் கொண்டுவந்திருந்த 2 டெராபைட் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கின் மேலிருந்த பிளாஸ்டிக் தாள்கூட இன்னும் உரிக்கப்படவில்லை. தம் ஊர்க் கோயில் திருவிழாக்களில் முப்பது ஆண்டுகளாகத் தாமே பதிவு செய்த நாதசுரக் கச்சேரிக் கேசட்டுகளில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கியதைக் கண்டு, அவற்றை ஒவ்வொன்றாக உபுண்டு என்னும் லினக்ஸ் வகை இயங்குதளம் கொண்ட கணினியில் ஏற்றி வைத்திருந்தவர் அவர். கணினியில் இடம் போதாமல் இந்த வட்டை வாங்கி, கோப்புகளை நகலெடுக்காமல் வெட்டி ஒட்டியிருக்கிறார். வேலை பாதியில் நின்றுவிட்டது. அதன் பிறகு வட்டு திறக்கவே இல்லை.

“புதுசு தம்பி, வாங்கி ஒரு வாரம்கூட ஆவல. அதுக்குள்ள எப்படிக் கெட்டுப்போவும்?” என்று கேட்டார். விற்ற கடையிலோ, லினக்ஸுக்கு இந்த வட்டு ஒத்துவராது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

இந்த இரண்டு நம்பிக்கைகளும் தவறானவை என்பதால்தான் இதை எழுதுகிறேன். யூஎஸ்பி வட்டு எதற்கும் லினக்ஸில் தனி டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) நிறுவ வேண்டியதில்லை. வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறைகளில் ஒன்றான எக்ஸ்ஃபேட் வடிவத்துக்கான முழுமையான ஆதரவு, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 2020இல் வந்த 5.7 பதிப்பிலும், இன்னொரு முறையான என்டிஎஃப்எஸ் வடிவத்தில் எழுதும் வசதி 2021இல் வந்த 5.15 பதிப்பிலும் சேர்ந்துவிட்டன; அதற்கு முன்பும் துணை மென்பொருள்கள் வழியாக அந்த வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. இன்னொரு பக்கம், தொழிற்சாலையிலேயே நேர்ந்த குறையும் வழியில் பார்சல் கீழே விழுந்ததால் நேர்ந்த அடியும் பெரும்பாலும் முதல் சில நாட்களிலேயே வெளிப்படும் என்பதால், புதிய வட்டைத்தான் கூடுதல் எச்சரிக்கையோடு கையாள வேண்டும்.

பழுதல்லாதவற்றை முதலில் ஒதுக்கிவிடலாம். 1 டெராபைட் வட்டு 931 ஜிகாபைட் என்று காட்டுவது, தயாரிப்பாளர் ஆயிரத்தாலும் கணினி 1024ஆலும் கணக்கிடுவதால் வரும் வேறுபாடு மட்டுமே. விண்டோஸ் கணினியில் முறையாக வெளியேற்றாமல் பிடுங்கிய வட்டு, லினக்ஸில் எழுத முடியாமல், படிக்க மட்டுமே திறக்கக்கூடும். பெரிய கோப்புகளைத் தொடர்ந்து எழுதும்போது வேகம் சட்டென்று வீழ்வது, தடங்களை ஓட்டுக்கூரை போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுதும் எஸ்எம்ஆர் வகை வட்டுகளின் இயல்பு.

அடுத்து மின்சாரத்தையும் கேபிளையும் பார்க்க வேண்டும். 2.5 அங்குல வட்டுக்குத் தனி அடாப்டர் கிடையாது; அது சுழல்வதற்கான மின்சாரம் முழுவதும் யூஎஸ்பி கேபிள் வழியாகவே வருகிறது. தரவிதிப்படி யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லியாம்பியரும் 3.0 போர்ட் 900 மில்லியாம்பியரும் தர வேண்டும். நின்றிருக்கும் வட்டு சுழலத் தொடங்கும் சில நொடிகளில்தான் அதன் தேவை உச்சத்தில் இருக்கும். அசெம்பிள் செய்த கணினியில் கேபினெட்டின் முன்பக்கப் போர்ட், மதர்போர்டிலிருந்து மெல்லிய கம்பிகளால் இழுக்கப்பட்டது. அங்கே செருகினால் ‘டிக், டிக்’ என்று திணறும் வட்டு, பின்பக்கத்தில் மதர்போர்டிலேயே உள்ள போர்ட்டில் அமைதியாக ஓடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வட்டின் பக்கம் செருகும் அகலமான தட்டை முனையையும் கவனியுங்கள். அது முழுவதும் உள்ளே போகாமல் சற்று வெளியே நின்றாலும் விளக்கு எரியும்; ஆனால் இணைப்பு விட்டுவிட்டு அறுபடும்.

ஆசிரியரின் வட்டைப் பின்பக்கப் போர்ட்டில் செருகி, டெர்மினலில் ‘டிமெஸ்ஜ்’ கட்டளையைத் தொடர்ந்து காட்டும்படி ஓடவிட்டேன். கெர்னல் தன் நாட்குறிப்பில் எழுதுவதை நம் கண்முன் காட்டும் கட்டளை அது. யூஎஸ்பி சாதனம் ரீசெட் செய்யப்பட்டது என்ற வரிகள் வந்துகொண்டே இருந்தன. இடையிடையே, படிப்பதிலோ எழுதுவதிலோ பிழை என்று பொருள்படும் ‘ஐ/ஓ எரர்’ வரியும், வட்டின் எந்தச் சிறு பகுதியில் அது நேர்ந்தது என்று காட்டும் செக்டார் எண்ணும் வந்தன. அந்த எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டேன். வேறு கேபிள் மாற்றியதும் ரீசெட் வரிகள் நின்றுவிட்டன. ஆனால் ‘ஐ/ஓ எரர்’ நிற்கவில்லை. தாளில் இருந்த அதே எண் மீண்டும் வந்தது. இந்தத் துறையில் எனக்குத் தெரிந்த மிகப் பயனுள்ள அடையாளம் இதுதான்: கேபிளோ மின்சாரமோ காரணமாக இருந்தால் பிழை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் அலையும், கேபிளையும் போர்ட்டையும் மாற்றிய பிறகும் அதே செக்டாரில் நின்றால் கோளாறு வட்டின் பரப்பில் இருக்கிறது.

உறுதிப்படுத்த, வட்டு தன் நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் பதிவுகளைக் காட்டும் ‘ஸ்மார்ட்சிடிஎல்’ கட்டளை இருக்கிறது. யூஎஸ்பி பெட்டிக்குள் இருக்கும் வட்டு என்பதால் பல நேரங்களில் ‘சாட்’ என்னும் சாதன வகையைக் குறிப்பிட்டால்தான் அது பதில் சொல்லும். முதல் வரியில் ‘பாஸ்ட்’ என்று வருவதைக் கண்டு நிம்மதி அடைந்துவிடாதீர்கள். வட்டு தன் இறுதி எல்லையைத் தாண்டவில்லை என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. கீழே உள்ள அட்டவணையில் 5ஆம் எண், மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டார்களையும், 197ஆம் எண், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார்களையும் காட்டும். 199ஆம் எண் கூடிக்கொண்டே போனால், பெட்டிக்குள் வட்டுக்கும் அதன் இணைப்புப் பலகைக்கும் இடையிலான தொடர்பைச் சந்தேகிக்க வேண்டும். 9ஆம் எண் வட்டு ஓடிய மணிநேரம். புதியதென்று வாங்கிய வட்டில் அது நூற்றுக்கணக்கில் இருந்தால் வேறொருவர் பயன்படுத்திய வட்டு உங்கள் கைக்கு வந்திருக்கிறது. ஆசிரியரின் வட்டு வெறும் 11 மணிநேரம் ஓடியிருந்தது. 197க்கு நேரே 48 இருந்தது. மறுநாள் அது 64 ஆனது.

இந்த நிலையில் ‘எஃப்எஸ்சிகே’ போன்ற கோப்பமைப்புப் பழுதுபார்ப்புக் கட்டளைகளை ஓட்டுவது பெருந்தவறு. தேய்ந்துகொண்டிருக்கும் பரப்பில் அவை எழுதத் தொடங்கினால் மிச்சமிருப்பதும் கலைந்துவிடும். ‘டிடிரெஸ்க்யூ’ கொண்டு முழு வட்டையும் வேறொரு நல்ல வட்டில் அப்படியே ஒரு நகல் கோப்பாக, அதாவது ‘இமேஜ்’ என்னும் படமாக எடுத்துக்கொண்டு, மீட்பு வேலையை அந்தப் படத்தின் மீதுதான் செய்ய வேண்டும். எளிதில் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வருவது அதன் முறை. எதுவரை முடிந்தது என்பதை ஒரு மேப் கோப்பில் குறித்துக்கொண்டே போவதால், மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கு மின்சாரம் நின்றபோதும் எங்கள் வேலை வீணாகவில்லை. மாலையில் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது.

இவ்வளவும் தேவைப்படாமல் இருந்திருக்க, தரவை ஏற்றும் முன் ஒரே ஒரு சோதனை போதுமாக இருந்திருக்கும். ‘எல்எஸ்பிஎல்கே’ கட்டளையால் கொள்ளளவையும் மாடலையும் பார்த்து எது புது வட்டு என்பதை இருமுறை உறுதி செய்துகொண்டு, கெட்ட இடங்களைத் தேடும் ‘பேட்பிளாக்ஸ்’ கட்டளையை எழுதிப் படிக்கும் முறையில் ஓடவிட வேண்டும். அது வட்டில் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிடும் என்பதால் காலி வட்டுக்கு மட்டுமே உரியது. அது பயன்படுத்தும் நான்கு வகைச் சோதனைத் தரவு வடிவங்களையும் எழுதிப் படித்துப் பார்க்க 2 டெராபைட்டுக்கு ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும். ஒரே வடிவம் போதுமென்றால், நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் பதினொரு மணிநேரத்துக்குச் சற்று மேல். இரவில் போட்டுவிட்டுக் காலையில் பார்க்கலாம். முடிந்ததும் ‘ஸ்மார்ட்சிடிஎல்’ அட்டவணையில் 5, 197 ஆகிய இரண்டும் பூஜ்யமாகவே இருந்தால் மட்டும் கோப்புகளை நகலெடுங்கள்; வெட்டி ஒட்டாதீர்கள்.

வாங்கிய உடனே சோதிக்க இன்னொரு காரணமும் உண்டு. கடைகள் மாற்றித் தரும் கால அளவு சில நாட்கள்தான். அதன் பிறகு கிடைப்பது நிறுவன உத்தரவாதம். அது வட்டுக்கு மட்டுமே, உள்ளே இருக்கும் தரவுக்கு அல்ல. அதைவிட, தரவு ஏறிய பிறகு கெட்டுப்போன வட்டை அழித்துக் கொடுக்கவும் வழியிருக்காது. உங்கள் குடும்பப் படங்களும் வங்கித் தாள்களும் அப்படியே முன்பின் அறியாதவர் கைக்குப் போகும். மாற்றித் தர மறுத்தால், ‘டிமெஸ்ஜ்’ வரிகளையும் ‘ஸ்மார்ட்சிடிஎல்’ அட்டவணையையும் தேதியோடு அச்சிட்டு பில்லுடன் வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைக்கலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை.

ஆசிரியருக்கு அந்த அச்சுத் தாள்களைக் காட்டியதும் கடையில் வட்டை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். புதிதாக வந்ததை உறைகூடப் பிரிக்காமல் என்னிடம் கொண்டுவந்தார். ஓர் இரவு சோதித்த பிறகே பதிவுகளை ஏற்றினோம். பழைய வட்டில் மூன்று பதிவுகள் மட்டும் மீளவில்லை. அவற்றில் இரண்டின் கேசட்டுகளை வெயிலில் காட்டாமல் உலர்த்தி, மீண்டும் ஓட்டி எடுத்துவிட்டார். மூன்றாவது கேசட்டில் நாடா அறுந்துவிட்டது.